கிளட்ச்சில் உன் கால் இல்லை

என் விஜயா,

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுத வேண்டிய தூரத்தில் நீ இருந்ததே இல்லை. காலையில் போனால் சாயங்காலம் வந்துவிடுவாய். பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, "ஏங்க, இன்னைக்கு என்னாச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பாய். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பேன். அது நமக்குப் போதுமாக இருந்தது. இல்லை, எனக்குப் போதுமாக இருந்தது. உனக்குப் போதுமா என்று நான் கேட்டதில்லை.

போன வாரம் லில்லி டீச்சர் போன் செய்தார். உன்னோடு சித்தேரிப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், உன் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மலைக்கு வந்துபோனவர். "சார், இந்த வருஷம் ஆண்டுமலர் போடறோங்க. விஜயா டீச்சரைப் பத்தி நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நல்லதா நாலு வார்த்தை இருந்தா போதும்," என்றார்.

உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை அங்கே யாரைக் கேட்டாலும் எழுதித் தருவார்கள். நான் எழுத வேண்டியது வேறு. அதை ரகசியமாக எழுதி உன் போட்டோவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கலாம். ஆனால் உன்னை நான் அவமானப்படுத்தியது அவர்கள் எல்லார் முன்னாலும்தானே. அதனால் இதையும் அவர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் மலருக்கே எழுதுகிறேன். லில்லி டீச்சர் போடுவாரோ மாட்டாரோ, தெரியவில்லை.

முதலில் வீட்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். நம் பொண்ணு நித்யா வெள்ளிக்கிழமை ஆனால் ஓசூரிலிருந்து வந்துவிடுகிறாள். நான் நன்றாக இருக்கிறேனா என்று பார்க்கத்தான் வருகிறாள், அலுவலகத்தில் வேலை கம்மி என்று பொய் சொல்கிறாள். எனக்கு ரசம் வைக்க வந்துவிட்டது. புளி கொஞ்சம் தூக்கலாகப் போகிறது. கொய்யா இந்த வருஷம் நிறையக் காய்த்து, பறிக்க ஆளில்லாமல் கிளிகளுக்குப் போனது. நான் ஸ்டேஷனுக்கு நடந்தே போகிறேன், நடந்தே வருகிறேன். கவுன்ட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் என்ன ஊர் கேட்டாலும் முதல் தடவையிலேயே காதில் வாங்கி டிக்கெட் கொடுக்கிறேன். இருபத்தொன்பது வருஷமாக அப்படித்தான். முன்பின் தெரியாதவர்கள் சொன்னதையெல்லாம் சரியாகக் கேட்ட காது இது.

இனி கார் விஷயம்.

நம் மெரூன் காரை வாங்கும்போதே அது பழைய வண்டி. ரிட்டையர் ஆகித் தர்மபுரியில் வீடு கட்டிய வாத்தியார் ஒருவரிடம் வாங்கினாய். அதற்கு முன்னால் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, உன் மாணவர்கள் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று எட்டுப் போட்டு லைசென்ஸ் எடுத்தாய். மொரப்பூரிலிருந்து அரூர், அரூரிலிருந்து மலை. கீழே பாப்பிரெட்டிப்பட்டி சாலையில் ஒருவர், மலையடிவாரத்தில் ஒருவர் என்று வழியில் டீச்சர்களை ஏற்றிக்கொண்டு தினமும் மேலே போய் வந்தாய். அந்த வளைவுகளில் பஸ் வந்தால் ஓரம் கட்டி நின்று, போன பிறகு கைகாட்டிவிட்டுக் கிளம்புவாயாம். டிரைவர்களுக்கெல்லாம் உன்னைத் தெரியுமாம். இதை எனக்கு லில்லி டீச்சர்தான் சொன்னார், காரியம் முடிந்த அன்று.

எனக்கும் கார் ஓட்டத் தெரியும், உனக்கு முன்பே தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் காட்சிக்கு எடுத்தால் உண்டு. ஊருக்குள்ளே, காலை நேரத்தில், பத்து நிமிஷ ஓட்டம். அந்தப் பத்து நிமிஷத்தை வைத்துக்கொண்டு உன் இத்தனை வருஷ மலை ஓட்டத்துக்கு நான் தீர்ப்புச் சொன்னேன்.

ஆடி மாசக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது நீ முதல் தடவை சொன்னாய். "ஏங்க, வண்டி நிக்கும்போது ஒரு மாதிரி நடுங்குது. ஸ்டீரிங்கு கையில அதிருதுங்க."

"பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்."

அடுத்த வாரம், அரூரில் பஸ் ஸ்டாண்டு முன்னால் ஆஃப் ஆகிவிட்டது என்றாய். "கிளட்ச்சை டக்குனு விட்டிருப்பே," என்றேன்.

"விடலீங்க."

"விட்டிருப்பே. தெரியாமலே கால் எடுத்திருப்பே."

ஆனால் நீ அதை விடவில்லை. மலை ஏறி நிறுத்தினால் இன்ஜின் ஆஃப் ஆகிறது, இறங்கி வந்து வேகத்தடையில் மெதுவாகப் போனால் ஆஃப் ஆகிறது, காலையில் கிளம்பும்போது மட்டும் ஒன்றுமில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். வண்டி தண்ணீர் மாதிரி ஓடியது. "பாத்தியா? எனக்கு நிக்கலையே," என்றேன். நீ கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றாய். இன்னும் கொஞ்ச தூரம் போகக்கூட எனக்கு அன்று பொறுமை இல்லை. பத்து மணிக்கு மட்டன் கடையில் கூட்டம் வந்துவிடும் என்று திரும்பிவிட்டேன்.

அப்புறம் உங்கள் ஹெட்மாஸ்டர் ரிட்டையர்மென்ட் விருந்து. அரூர் மண்டபத்தில் பந்தி. உன் பள்ளிக்கூடமே ஒரு வரிசையில் உட்கார்ந்திருந்தது. யாரோ ஒரு சார், "என்னங்க டீச்சர், கார் அடிக்கடி நின்னுடுதாமே?" என்று கேட்டார். உன்னைத்தான் கேட்டார். பதில் நான் சொன்னேன். "கார் நல்லாத்தாங்க இருக்குது. எங்க வூட்டம்மா கால் பட்டாத்தான் நின்னுடுது!"

வரிசை முழுக்கச் சிரித்தது. பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவரும் சிரித்தார். நீயும் சிரித்தாய். பிறகு பாதிச் சாப்பாடு இருக்கும்போதே இலையை மடித்தாய். நான் அதைப் பார்த்தேன், விஜயா. பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் நீ வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. வழியில் மூன்று இடத்தில் நின்றதாம். லில்லி டீச்சர் பயந்துபோய் இனி பஸ்ஸிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் சொன்னேன்: "ஓட்டத் தெரியலன்னா நீயும் பஸ்ல போயேன். வண்டிய ஏன் சும்மா குத்தம் சொல்றே?"

அடுத்த நாள் காலை கார் சாவி ஃப்ரிட்ஜ் மேலே இருந்தது. நீ வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தாய். நாலு மாசம். இங்கிருந்து அரூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு ஒரு பஸ். மலை பஸ்ஸில் தக்காளிக் கூடையும் சாமை மூட்டையும் ஏறினால் நிற்கவே இடமிருக்காது என்று எனக்குத் தெரியும். நீ அந்தப் பேச்சை ஒரு நாளும் எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாசத்தில் நீ வகுப்பில் இருந்தபோது கீழே விழுந்தாய். ஆம்புலன்ஸில் தர்மபுரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உனக்கு நினைவில்லை. மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. "பிரஷர் எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "தலைவலிக்குதுன்னு ஏதாவது சொன்னாங்களா?"

சொல்லியிருப்பாய். நான் "ம்" என்றிருப்பேன். நிஜமாகவே ஞாபகம் இல்லை, விஜயா. ஞாபகம் வராதா என்று எத்தனையோ தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். நீ பேசிய சத்தம் வருகிறது, என்ன பேசினாய் என்பது வரவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் நீ போய்விட்டாய். "நாலு மாசமா பஸ்ல நின்னுக்கிட்டே போனாங்க டாக்டர், அதனால இருக்குமா?" என்று கேட்டேன். "அதையும் இதையும் சேர்த்துச் சொல்ல முடியாதுங்க," என்றார். முடியாது என்றுதான் சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

முப்பது முடிந்து ஒரு வாரம் கழித்து, உன் சர்டிபிகேட் வேலையாக அரூர் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. பேட்டரி இறங்கிக் கிடந்தது. சார்ஜ் போட்டுக் காரை எடுத்தேன். ஊர் தாண்டி, வெயிலில் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. அரூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் ஒரு பஸ் வெளியே வர, நான் பிரேக் பிடித்து நின்றேன்.

முதலில் ஸ்டீரிங் அதிர்ந்தது. பிறகு சீட்டு. டாஷ்போர்டில் நீ ஒட்டிவைத்த சின்னப் பிள்ளையார்கூட ஆடினார். இன்ஜின் சத்தம் ஏறி இறங்கியது, மூச்சுக்குத் திணறுகிற ஆள் மாதிரி. அப்புறம் நின்றே போனது. சாவியைத் திருப்பினேன், கிளம்பியது, நின்றது. பின்னால் ஹாரன். பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்: "பெருசு, கிளட்ச்சை மெதுவா விடு!"

"நான் விடலீங்க," என்றேன். என் வாயிலிருந்து அது வந்த பிறகுதான், அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லாமல் போனது. மொரப்பூரிலேயே ஒருவரிடம் விட்டேன். பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று டேங்கைக் காலி செய்தார். இரண்டு நாள் நன்றாக இருந்தது போலிருந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் நடுக்கம். அப்புறம் தர்மபுரியில் பெரிய பட்டறை வைத்திருக்கும் குமரேசனிடம் போனேன். வண்டியைப் பார்த்ததுமே, "இது டீச்சரம்மா வண்டியாச்சே?" என்றார்.

நீ அங்கே போனது எனக்குத் தெரியாது, வண்டி ராத்திரி வீட்டில் இல்லாததைக்கூட நான் கவனித்ததில்லை.

"ரெண்டு தடவ வந்தாங்க சார். வெச்சுட்டுப் போங்கன்னேன். அடுத்த நாள் காலையில நான் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா ஒண்ணுமே இல்ல. எதைன்னு பாக்கறது? ஓட்டற முறையில இருக்கும், வூட்டுக்காரரை ஒருக்கா கூட்டிட்டு வாங்கம்மான்னு சொல்லி அனுப்பினேன். அப்புறம் வரல. நல்லா இருக்காங்களா?"

நான் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கும் வண்டியை வைத்துவிட்டுத்தான் போகச் சொன்னார். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தார், அது எந்தக் கோளாறையும் காட்டவில்லை. காற்று உள்ளே போகிற பாகத்தைக் கழற்றிக் கழுவினார். இன்ஜினை நிதானமாக ஓட வைக்கிற வால்வு என்று ஒன்றை மாற்றினார். அடுத்த நாள் நான் போனபோது வண்டி சில்லென்று இருந்தது, ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை. "இப்ப பாருங்க, எப்படி ஓடுது!" என்றார். வெயிலில் அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் பாலக்கோடு ரோடு திரும்பும்போது இரண்டு தடவை ஆஃப் ஆனது. திரும்பி வந்து சொன்னேன். அவர் நம்பாமல் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நம் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தது.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை நித்யாவும் நானும், நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்று அந்த வண்டியிலேயே சித்தேரிக்கு வந்தோம். பள்ளிக்கூட பீரோவில் உன் சாமான்கள் இருந்தன. ஒரு ஸ்வெட்டர், டிபன் பாக்ஸ், திருத்தாத நோட்டுக் கட்டு ஒன்று. நோட்டுகளைப் புது டீச்சரிடம் கொடுத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு இறங்கினோம். நான்தான் ஓட்டினேன்.

மூன்றாவது வளைவுக்கு முன்னால் கியரை மாற்ற ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், இன்ஜின் நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தேன். கல்லை மிதிப்பது மாதிரி இருந்தது. ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. வண்டி தன்பாட்டுக்கு இறங்க ஆரம்பித்தது. ஸ்டீரிங்கும் கனத்துவிட்டது. எதிரே வளைவு, அதற்கு அப்புறம் மூங்கில், அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நிற்கிறேன், அது அசையவில்லை.

நித்யாதான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, உள்பக்கம் திருப்புங்க! மலைப் பக்கம்!" என்று கத்தினாள். திருப்பினேன். இடது முன்சக்கரம் மண்மேட்டில் ஏறி, வண்டி சாய்ந்து நின்றது.

இறங்கி இருவரும் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டோம். அவள் உன் ஸ்வெட்டரை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். அப்படியே கேட்டாள்: "அம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சாப்பா?"

"தெரியலம்மா."

"அவங்க உங்ககிட்ட சொல்லவே இல்லியா?"

"சொன்னா. எனக்குத்தான் சரியா…"

அவள் என் போனை வாங்கினாள். உன் பேருக்குப் போய் மேலே மேலே தள்ளினாள். தள்ளியவள் ஓரிடத்தில் நிறுத்தி, என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். ஒன்று, இரண்டல்ல, ஏழு. எதையும் நான் திறந்து கேட்கவில்லை என்பதைப் போனே காட்டிக்கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே நான் பதில் மட்டும் போட்டிருந்தேன். கட்டைவிரல் பொம்மை. ஏழுக்கும் ஏழு கட்டைவிரல்.

கவுன்ட்டரில் கூட்டமாக இருந்திருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பேன். இதையெல்லாம் யாரிடம் சொல்ல?

நித்யா ஒன்றைத் தொட்டாள். அந்த மலைரோட்டில் உன் குரல் வந்தது.

"ஏங்க, அரூர்ல நிக்கறேன். இதைக் கேளுங்க." பிறகு இன்ஜின் சத்தம், அந்தத் திணறல். "கேட்டுச்சா? இதுதாங்க நான் சொன்னது."

அடுத்தது: "மலைமேல வந்து நிறுத்தினதும் ஆஃப் ஆயிடுச்சுங்க. பிரேக்கு வேற கல்லு மாதிரி இருக்குது. பட்டறையில உங்களக் கூட்டிட்டு வரச் சொல்றாரு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. சனிக்கிழமை வர்றீங்களா?"

அதற்குக் கீழேயும் கட்டைவிரல் இருந்தது, விஜயா. வருகிறேன் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். அந்தச் சனிக்கிழமை நீ எனக்காகக் காத்திருந்தாயா? நான் வராததால்தான் அதற்கப்புறம் பட்டறைக்கே போகாமல் விட்டாயா?

கடைசியாக அனுப்பியது இது: "திரும்பத் திரும்பச் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இப்ப பள்ளிக்கூட வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கேன். நியூட்ரல்ல போட்டிருக்கேன். கிளட்ச்சுல என் கால் இல்ல. ரெண்டு காலையும் கீழ வெச்சிட்டேன். அப்பவும் நடுங்குது பாருங்க. உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, அது கேக்குதா? இப்ப பிரேக்கை மட்டும் மெதுவா அழுத்தறேன்… பாத்தீங்களா, சத்தம் மாறுது. லில்லி டீச்சரும் பக்கத்துலதான் இருக்காங்க, வேணும்னா கேளுங்க."

சாட்சிக்கு ஆள் வைத்துக்கொண்டு உன் புருஷனிடம் பேச வேண்டியிருந்திருக்கிறது உனக்கு.

நித்யா போனை என் கையில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "நான் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பீங்களாப்பா?" என்று கேட்டாள். கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. அதைச் சாக்காக வைத்து எழுந்துகொண்டேன்.

வண்டியை லாரியில் ஏற்றித்தான் தர்மபுரிக்குக் கொண்டுபோனோம். திங்கட்கிழமை குமரேசனிடம் உன் குரலைப் போட்டுக் காட்டினேன். அவர் பக்கத்து வண்டியில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, போனைக் காதோடு வைத்து இரண்டு தடவை கேட்டார். பிரேக்கை அழுத்துகிற இடம் வந்ததும் நிமிர்ந்தார். நம் வண்டியை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து வைத்து, சூடாகும்வரை முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். நடுக்கம் வந்தது. இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகிற ஒரு ரப்பர் டியூப், விரல் பருமன்தான் இருக்கும், அதைக் கட்டிங் பிளேயரால் அழுத்திப் பிடித்தார்.

நடுக்கம் நின்றது. விட்டார், வந்தது. பிடித்தார், நின்றது.

கழற்றித் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. ரப்பர் காய்ந்து கட்டையாகியிருந்தது. குளிர்ச்சியாக இருந்தால் மூடிக்கொள்ளுமாம், சூடு ஏறினால் வாய் திறக்குமாம். அது வழியாகக் காற்று உள்ளே போய் இன்ஜின் திணறும், அதே காரணத்தால் பிரேக்கும் கல்லாகும். "இது ரெண்டும் ஒண்ணா இருந்தா இங்கதான் சார் பாக்கணும். இன்ஜின் நின்னுடுதுன்னுதான் என் காதுல விழுந்துச்சு. பிரேக்கு கெட்டியா இருக்குன்னும் டீச்சரம்மா சொல்லியிருக்காங்க. நான்தான் வாங்கல," என்றார். மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பிறகு அவர் என்னைத் தேற்றுவதாக நினைத்து ஒன்று சொன்னார். "இதை வெச்சுக்கிட்டா மலை இறங்கினாங்க? நல்லவேளை சார், பஸ்ல போக ஆரம்பிச்சாங்க. இல்லன்னா ரோட்டுலயே ஏதாவது ஆகியிருக்கும்."

அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளலாமா, விஜயா? நான் உன் மனசை நோகடித்துச் சொன்ன சொல் உன்னை வளைவில் விழாமல் காப்பாற்றியது என்று வைத்துக்கொள்ளலாமா? காப்பாற்றி எத்தனை நாள்? நான் ஒரு சனிக்கிழமை உன்னோடு வந்திருந்தால் நீ பஸ்ஸிலும் போயிருக்க வேண்டாம், வளைவிலும் பயந்திருக்க வேண்டாம். உன் பிரஷர் அப்போதும் உன்னைக் கொண்டுபோயிருக்கும் என்றால், நீ உன் வண்டியில் ராணி மாதிரி போய்வர நாலு மாசமாவது மிச்சமாகியிருக்கும். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு விடை வரவில்லை.

வண்டி இப்போது அரூரில், பஸ் ஸ்டாண்டு முன்னால், எத்தனை நேரம் நின்றாலும் அசையாமல் நிற்கிறது. இன்ஜின் ஓடுகிறதா என்று சந்தேகம் வந்து மீட்டரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை. திணறிக்கொண்டிருந்தபோதாவது நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தது.

லில்லி டீச்சருக்கும், அன்று பந்தியில் இருந்த எல்லாருக்கும்: கோளாறு வண்டியில்தான் இருந்தது. விஜயாவுக்கு நன்றாக ஓட்டத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். அதை அவள் சொன்னாள், தெளிவாகச் சொன்னாள், ஏழு தடவை சொன்னாள். நீங்கள் சிரித்ததில் தப்பில்லை. சிரிக்க வைத்தது நான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது காரை நித்யாதான் ஓட்டுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அதியமான்கோட்டைப் பக்கம் ஹைவேயில் போய்க்கொண்டிருந்தோம். "அப்பா, வண்டி லேசா இடது பக்கம் இழுக்குதுப்பா," என்றாள்.

"ஸ்டீரிங்கை ஒழுங்காப் பிடி." அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, விஜயா. இத்தனைக்கும் அப்புறம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லக்கூட வாயெடுத்தேன், அதையும் அடக்கினேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் குமரேசனிடம் கொண்டுபோனேன். டயரில் காற்று பார்த்தார், சக்கரத்தை மெஷினில் ஏற்றிப் பார்த்தார். "எல்லாம் நேராத்தான் சார் இருக்குது. நீங்க ஓட்டினப்ப இழுத்துச்சா?"

"எனக்குத் தெரியல. என் பொண்ணு இழுக்குதுன்னு சொல்றா. இன்னொரு தடவ பாருங்க."

அவர் சலித்துக்கொண்டே மறுபடியும் ஜாக்கியை எடுத்தார். அன்றும் ஒன்றும் கிடைக்கவில்லை. வருகிற சனிக்கிழமை அவளையே அழைத்துக்கொண்டு போகிறேன். அவள் ஓட்டட்டும், குமரேசன் பக்கத்தில் உட்காரட்டும், நான் பின்சீட்டில் இருந்துகொள்கிறேன். அவள் சொன்னது அகப்படும்வரை எத்தனை சனிக்கிழமை ஆனாலும் வாயை மூடிக்கொண்டு அவள் பின்னால் போவேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் பேச்சைக் காதில் வாங்காத
உன் வூட்டுக்காரன்,
நித்யாவோட அப்பா